புள்ளி போன சோழி

கடலைப் பார்க்க வேண்டுமானால் ஜனங்கள் கடற்கரைக்குப் போவார்கள். நான் ஒரு கடல் நத்தையைப் பார்ப்பதற்காகத் தூத்துக்குடியிலிருந்து செஞ்சிக்குப் போனேன். வாசலைத் திறந்தால் உப்புக்காற்று அடிக்கிற ஊரை விட்டுவிட்டு, கண்ணுக்கெட்டிய வரை பாறையைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊருக்குச் சோழி பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் கல்லூரி முதல்வர், "உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்று விசாரித்தார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை அது. என்னை அழைத்தவள் ஹமீதா. என்னிடம் விலங்கியல் படித்தவள். தவளையை அறுக்கச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் மயங்கி விழும்போது இவள் மட்டும், "மிஸ், இன்னொன்னு இருக்கா?" என்று கேட்பாள். அவளைச் செஞ்சியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அன்வருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இப்போது நிறைமாதம். புகுந்த வீட்டில் பரம்பரைச் சோழி ஒன்று இருக்கிறதாம். அதை இரவல் வாங்கிப் போனவர்கள் வேறு சோழியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டையாம். நான் வந்து அது என்ன இனம் என்று சொன்னால்தான் வீட்டில் சோறு இறங்குமாம். இத்தனை வருஷமாக நத்தைப் பாடம் நடத்துகிறேன், அந்த விஷயத்தில் என் கருத்து வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கல்லூரிக் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு புலிச்சோழியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திண்டிவனத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி இஞ்சினைப் பார்த்தார். கண்டக்டர் இறங்கி டிரைவரைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் இறங்கி இருவரையும் பார்த்தோம்.

"இன்னாம்மா, எந்த ஊரு? கோட்ட பாக்க வந்தியா?" என்று கேட்டாள் பக்கத்து சீட்டுக்காரி. மடியில் ஒரு கோழி வைத்திருந்தாள்.

"இல்லம்மா, ஒரு சோழி பாக்கணும்" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. "சோழி போட்டுப் பாப்பியா?" என்று அவள் குரலை உயர்த்தினாள். "எம் மவன் ஐடிஐ படிச்சிட்டு சும்மா சுத்திக்கினு இருக்கான். எப்ப வேல கெடைக்கும்னு பாத்து சொல்லு." அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் விலங்கியல் ஆசிரியை என்றேன். அதுவும் நல்லதுதான், மாட்டுக்கும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார் ஒருவர். வேறு வழியில்லாமல் கைக்குட்டையைப் பிரித்துச் சோழியை வெளியே எடுத்து, "இந்த பஸ் இப்பக் கெளம்பிரும்" என்றேன். கிளம்பிவிட்டது. என் வாழ்நாளில் நான் சொன்ன முதல் ஜோசியம் அது. செஞ்சி வரும் வரை அந்தக் கோழிக்காரி ஜன்னலோர சீட்டை எனக்கே விட்டுக் கொடுத்திருந்தாள்.

ஹமீதாவின் வீட்டை ஆள்பவர் அவள் மாமியார் ஜைத்தூன் அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்வாசலில் நின்று பேசினால் அன்வரின் கடையில் தொங்குகிற குண்டான்கள் அதிரும் என்று ஹமீதா எழுதியிருந்ததை நான் மிகை என்று நினைத்திருந்தேன். இல்லை.

"வாங்க டீச்சரம்மா. ஒங்க ஊருக்காரங்களுக்கு மீனில்லாம சோறு எறங்காதுன்னு மருமவ சொல்லிச்சு. ஐஸ் மீனு வாங்கி வெச்சிருக்கேன்" என்றார். அந்த மீன் என்னைவிட அதிகம் பஸ் மாறி வந்திருந்தது. இலையில் கிடந்த அதை எங்கள் ஊர்ப் பூனைகள் என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கூடவே வைத்த ஆட்டுக்கறிக் குழம்பும் கத்திரிக்காய் தால்சாவும் அந்தக் குறையை மறக்கடித்துவிட்டன. சாப்பிட்டு முடிக்கும் வரை சோழியைப் பற்றி ஒரு பேச்சில்லை. விருந்தாளி கை கழுவும் முன் வீட்டுச் சண்டையை எடுக்கக் கூடாது என்பது அங்கே முறையாம். எங்கள் ஊரில் முதல் கவளத்திலேயே தொடங்கிவிடுவோம்.

கை கழுவியதும் கதை வந்தது. நவாபு காலத்தில் இந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் மாலத்தீவுப் பக்கம் போய் வந்தபோது கொண்டுவந்த சோழி. பிரசவ வலி எடுத்த பெண்ணின் உள்ளங்கையில் அதை வைத்துவிட்டால், அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுகமாகப் பெற்றுவிடுவாள் என்பது நம்பிக்கை. பாய் வீடு, நாயக்கர் வீடு, வன்னியர் வீடு என்று பேதமில்லை. செஞ்சியிலும் சுற்றுப்பட்டிலும் யாருக்கு வலி எடுத்தாலும் சோழி போகும். பிரசவம் முடிந்து திரும்பி வரும். அதில் ஒரு கட்டளையும் உண்டு. கடைசியாகப் பிள்ளை பிறந்த வீட்டுப் பெண்தான் வந்து, சோழியைத் தன் கையால் எடுத்து, அடுத்து பெறப்போகிறவள் கையில் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுச் சுகம் அடுத்த வீட்டுக்கு அப்படித்தான் போகுமாம்.

"கடைசியா எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"சிங்கவரம். தனம்னு ஒருத்தி. எங்களுக்கு மல்லாட்ட போடுற வூடு. அவ மவளுக்குப் பிரசவம்னு வாங்கிக்கினு போனா." ஜைத்தூன் அம்மாவின் குரல் ஏறியது. வேர்க்கடலைக்கு அங்கே மல்லாட்டை என்று பெயர். "புதுத் துணில சுத்தி, மஞ்ச வெச்சி, பணிவா கொண்டாந்து குடுத்தா. பிரிச்சிப் பாத்தா எங்க சோழியே இல்ல! எங்களது சிறுத்த மாதிரி புள்ளி புள்ளியா மின்னும். இது இன்னாத்துக்கோ ஊதா கலர்ல இருக்குது. ஏன்டி திருடின்னு கேட்டேன். பதில் பேசாம போயிட்டா. இப்ப சொல்லுங்க, பொய்ச் சோழிய அந்தத் திருட்டுக் கையாலயே என் மருமவ கைல குடுக்கச் சொல்லட்டுமா?"

ஹமீதா வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மாமியார் உள்ளே போனதும், "தனம்மா அப்படிப்பட்டவங்க இல்ல மிஸ்" என்றாள். "நான் புதுசா வந்தப்ப இந்த ஊர்ல என் பேச்சு யாருக்கும் புரியல. அவங்க ஒருத்திதான் எங்கூட ஒக்காந்து சிரிச்சிப் பேசினாங்க. இன்னாத்துக்கு அவங்க திருடணும்?"

"இன்னாத்துக்கா? நீயும் மாறிட்டியா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சோழியை எல்லாம் அவள் நம்புகிறவள் இல்லை. தவளைக்குள் இருப்பதையே பார்த்தவள். ஆனால் தனம் வர வேண்டும் என்று அவள் ஆசைப்படுவது முகத்தில் தெரிந்தது.

சோழி வந்தது. கையில் வாங்கியதும் எனக்கே குழப்பமாகிவிட்டது. கோழிமுட்டையைவிடப் பெரிய சோழி. முதுகில் ஒரு புள்ளிகூட இல்லை. வெளிறிய ஊதா, கத்திரிப்பூ நிறம். மினுமினுப்பும் இல்லை. அப்படி ஒரு சோழியை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. கார்னியோலா என்று ஒரு வகை உண்டு, அதன் பல்லெல்லாம் ஊதா. அதுவாக இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தேன். சோழியின் வாய் அடியில் இருக்கும், இரண்டு உதட்டிலும் வரிசையாகப் பல். இதற்குப் பல் பால்வெள்ளை. அடிப்பாகமும் வெள்ளை. அப்படியே புலிச்சோழி. மேலே ஒரு சாதி, கீழே ஒரு சாதி. மனிதர்களில் அப்படி இருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். நத்தையில் அது நடக்காது.

புலிச்சோழி என்ற பெயரே ஒரு கூத்து. புலிக்கு இருப்பது வரி, புள்ளி இருப்பது சிறுத்தைக்கு. பெயர் வைத்த மேதைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஜைத்தூன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

"பகல் வெளிச்சத்துல பாத்துத்தான் சொல்லணும்" என்று நழுவினேன். விஞ்ஞானிகள் தெரியாததை இப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ குடிக்கப் போனேன். பெண்பிள்ளை தனியாக நின்று டீ குடிப்பதை மூன்று பேர் பார்த்தார்கள், நான்காவது ஆள் பேசினார். "எங்கேர்ந்து வந்துருக்கீங்க? கோட்ட பாத்தீங்களா?"

இனிமேல்தான் என்றேன்.

"தூத்துக்குடிலேர்ந்து ஒரு டீச்சரம்மா வந்திருக்குது, தெரியுமா? பாயம்மா வூட்டு சோழியப் பாத்த ஒடனே, இது டூப்ளிகேட்டுன்னு சொல்லிடிச்சாம். சிங்கவரத்து ஆளுங்க மானம் போச்சு" என்று என்னிடமே சொன்னார். டீக்கடைக்காரர் ஒரு படி மேலே போய், அந்த டீச்சர் சோழியை முகர்ந்தே கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். நான் சொல்லாதது எனக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. முதலில் சிரிப்புத்தான் வந்தது. நான் வாயே திறக்காமல் ஒருத்தியைத் திருடி ஆக்கியிருந்தேன். டீயை வைத்துவிட்டு, சிங்கவரம் போக எது கிடைக்கும் என்று கேட்டேன்.

பஸ் இப்போது வரும் என்றார்கள். அந்த 'இப்போது' முடிகிற மாதிரித் தெரியவில்லை. கடைசியில் மல்லாட்டை மூட்டை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு டிராக்டரின் டிரெய்லரில் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் உருண்டை உருண்டையாகப் பாறைகள். யாரோ கொட்டி வைத்துவிட்டு அடுக்க மறந்துபோனது போலக் கிடந்தன. டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டினார். சிங்கவரம் குன்றுக் கோயிலில் பெருமாள் பாற்கடலில் படுத்திருப்பதை அவசியம் சேவிக்க வேண்டும் என்றார். சுற்றுவட்டாரத்தில் உள்ள ஒரே கடல் அதுதான் போலிருக்கிறது.

தனத்தின் வீட்டை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. தெருவிலேயே மின்னிய வீடு அதுதான். வாசலில் சாணம் தெளித்த ஈரம், சுவரோரமாகக் கவிழ்த்த பித்தளைக் குடங்கள், ஒவ்வொன்றிலும் சூரியன். கட்டியிருந்த மாட்டின் கழுத்து மணிகூடப் பளபளத்தது. தனம் நாற்பத்தைந்து வயதுக்காரி, ஒல்லி, வேகமான கைகள். நான் யார் என்று சொன்னதும் அவள் முகம் இறுகியது.

"நீதான் டூப்ளிகேட்டுன்னு சொன்ன டீச்சரா?"

"நான் ஒன்னுமே சொல்லல தனம்மா. கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"அந்தப் பேச்சு வேணாம். வூடு தேடி வந்துட்ட, சாப்ட்டுப் போ" என்று உள்ளே போனாள். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. எங்கள் கடல் அந்த ஊருக்குக் கருவாடாகத்தான் வந்து சேர்கிறது. ஆனால் அதை அவர்கள் நடத்துகிற மரியாதையை நாங்கள் பச்சை மீனுக்குக்கூடக் கொடுப்பதில்லை. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்பது தெரியாமல் நான் மென்றுகொண்டிருந்தேன். கோபத்தையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பேச்சு தானாக வந்தது.

"செஞ்சிக்கே போறதில்ல டீச்சரு. மல்லாட்டய அனந்தபுரம் சந்தையிலதான் போடுறோம். தூரந்தான், சுமந்துதான் போவணும். பஜார்ல போனா முதுவுக்குப் பின்னால பேசுறாங்க. எம் மவள கட்டிக்குடுத்த வூட்லயும் கேட்டுட்டாங்க, இன்னா உங்கம்மா சோழிய மாத்திட்டாளாமேன்னு. அது கைக்கொழந்தய வெச்சிக்கினு அழுவுது." அவள் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. "ஹமீதாவுக்கு நாள் நெருங்கிடுச்சாமே? நாந்தான் போயி எடுத்துக் குடுக்கணும். திருடின்னு சொன்ன வாசப்படிய எப்டி மிதிக்கிறது?"

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே ஒரு அண்டாவில் குத்துவிளக்குகள் புளித்தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் செங்கல் பொடி, தேங்காய் நார். நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் சங்கு, சிப்பி, சோழி எதிலும் புளியைக் காட்டமாட்டோம். கிளிஞ்சல் என்பது சுண்ணாம்பு, புளிப்புப் பட்டால் கரைந்துபோகும். சங்கைப் புளி போட்டு விளக்குகிற மருமகளைத் தூத்துக்குடியில் அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் இது பாறைக்கும் பித்தளைக்கும் பழகின ஊர்.

"தனம்மா, எல்லாத்தையும் புளி போட்டுத்தான் வெளக்குவீங்களா?"

"பின்ன?"

"சோழியையுமா?"

அவள் அண்டாவையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ யாருகிட்டயும் சொல்லக்கூடாது" என்றாள். "அது எவ்ளோ அழுக்கா இருந்துச்சு தெரியுமா? எத்தினி வூட்டுக்குப் போயி வந்துச்சோ, கறுப்பு கறுப்பா, திட்டுத் திட்டா ஒட்டிக்கினு இருந்துச்சு. பிள்ள பெத்த தீட்டோட குடுக்க முடியுமா? மஞ்சத்தண்ணி ஊத்துற நாள் வரிக்கும் புளித்தண்ணில போட்டு வெச்சி, தெனம் செங்கல்பொடி போட்டுத் தேச்சேன். கை எரிஞ்சிப் போச்சு. அப்பறந்தான் அந்தக் கறுப்பெல்லாம் போயி, அழகா, கத்திரிப்பூ கணக்கா வந்துச்சு."

நூற்றாண்டுப் புள்ளிகளைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பெருமையோடு நிற்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. புலிச்சோழியின் மேல்தோலைக் கரைத்தால் உள்ளே இருப்பது ஊதாதான். அது கடல் நத்தை படித்த எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.

"இதைப் பாயம்மாகிட்டச் சொல்லியிருந்தா சண்டையே இல்லியே?"

"இன்னா டீச்சரு பேசுற? ஒங்க வூட்டு சோழி அழுக்கா இருந்துச்சு, நாந்தான் தேச்சி எடுத்தேன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்களா? நல்ல மனுசி. நாலு பேருக்கு ஒதவுற வூடு. அந்த அசிங்கத்த நான் செய்யமாட்டேன். அவங்க திருடின்னு சொன்னாங்க, அது அவங்களோட. அதுக்கு மேல இன்னா பேச்சு?"

திருடி என்ற பெயரைச் சுமப்பாள், ஆனால் இன்னொருத்தி வீட்டுப் பொருளை அழுக்கு என்று சொல்லமாட்டாள். இப்படி ஒரு நாகரிகத்தை நான் எங்கேயும் கண்டதில்லை, என்னிடம் நிச்சயமாக இல்லை. அழுக்கு என்ற சொல்லை என் வாயிலிருந்து விடமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்துவிட்டுத் திரும்பினேன். அவள் புருஷன் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாதியில் பஞ்சர். மீதி வழியை நாங்கள் சைக்கிளோடு நடந்தோம்.

வீடு வந்ததும் ஜைத்தூன் அம்மாவிடம் ஒரு கை புளி கேட்டேன்.

"கொழம்பு வெக்கப் போறீங்களா?"

"சோழி வெளக்கப் போறேன்" என்று சொல்லி, கல்லூரியின் புலிச்சோழியைப் புளிக்கரைசலில் போட்டேன். மனசு கேட்கவில்லை. புள்ளி குலையாத நல்ல சோழி அது, அலமாரியில் நான் ஆசையாகப் பார்க்கிற ஒன்று. ஜைத்தூன் அம்மா சந்தேகத்தோடு பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். விடிந்ததும் கொல்லையில் உட்கார்ந்து செங்கல் பொடியும் நாரும் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். தனத்தின் கைவேகம் எனக்கில்லை. ஆனால் ஒரு ராத்திரி ஊறியதே போதுமாக இருந்தது. புள்ளிகள் மங்கின, கரைந்தன, தேய்த்த இடத்தில் வெளிறிய ஊதா எட்டிப் பார்த்தது. எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜைத்தூன் அம்மாவின் வாய் மெல்லத் திறந்தது.

"அப்ப இது... எங்க சோழியேதானா?"

"அதேதான்மா. புலிச்சோழி. பல்லும் அடியும் மாறவே இல்ல பாருங்க. தோலு மட்டும் போயிருக்கு."

"ஏன் புளில போட்டா? யாராச்சும் போடுவாங்களா?"

சத்தியம் நினைவுக்கு வந்தது. "மரியாதைக்குத்தான். சாமி விளக்க எப்படி விளக்குவாங்களோ அப்படி விளக்கியிருக்காங்க. உங்க வீட்டுப் பித்தளைய நீங்க எதைப் போட்டு விளக்குவீங்க?"

பாத்திரக்கடை வீட்டு அம்மாளுக்கு அதற்குமேல் கேள்வி இல்லை. இரண்டு சோழியையும் திருப்பித் திருப்பிப் பல்லைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், தங்கள் சோழியை வெற்றிலைத் தட்டில் வைத்தார். நான் முழுக்கத் தேய்த்து முடித்திருந்த என்னுடையதைத் தண்ணீரில் அலசி, காய்வதற்காக ஜன்னல் விளிம்பில் வைத்தார். "ரெண்டும் கலந்துடக்கூடாது" என்று சொல்லிக்கொண்டார்.

உச்சிவெயிலுக்கு ஹமீதாவுக்கு வலி கண்டது. நர்ஸம்மா வந்துவிட்டார். அன்வர் கைகால் புரியாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் அலைந்தான்.

"சைக்கிள எட்றா. சிங்கவரம் போ" என்றார் ஜைத்தூன் அம்மா.

"இன்னான்னும்மா சொல்றது?"

"வலி வந்துடிச்சின்னு சொல்லு. வருவா."

"வரலன்னா?"

அவர் அவனை வாசலுக்குத் தள்ளிவிட்டார். உள்ளே ஹமீதா, "தனம்மா வந்துட்டாங்களா மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வருவாள் என்று நான் இரண்டாவது ஜோசியம் சொன்னேன். இந்த முறை எனக்கே நம்பிக்கை இல்லை.

வந்தாள். சைக்கிள் கேரியரிலிருந்து குதித்து இறங்கி ஓடி வந்தவள், வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டாள். தலை ஈரமாக இருந்தது. குளித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"பாயம்மா, நான் திருடியா?"

தெருவில் நாலு பேர் நின்றார்கள். ஜைத்தூன் அம்மா அவர்களையும் பார்த்தார். "இல்லடி" என்றார், கடைத்தெருவுக்கே கேட்கும்படி. "திருடி இல்ல. நாந்தான் புத்தி கெட்டவ. பித்தளக்கட வூட்ல இத்தினி வருசம் இருந்துட்டு, வெளக்கின சோழி எதுன்னு தெரியாம ஒன்ன அப்டி கேட்டுட்டேன். என் மேல இருக்குற கோவத்த என் மருமவ மேல வெக்காத தாயி. உள்ள வா."

தனம் அழுதுகொண்டே படியேறினாள். ஜைத்தூன் அம்மா அவள் கையைப் பிடித்து வெற்றிலைத் தட்டின் பக்கம் அழைத்துப் போனார். ஆனால் தனத்தின் கண் ஜன்னலுக்குப் போய்விட்டது. காலையில்தான் தேய்த்து அலசிய சோழி அங்கே வெயிலில் பளிச்சென்று இருந்தது. தட்டில் இருந்தது இத்தனை நாள் பெட்டிக்குள் கிடந்து மங்கியிருந்தது. தான் விளக்கியது மங்குமா? அவளுக்குச் சந்தேகமே இல்லை. பாய்ந்து ஜன்னல் சோழியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "இதான், நான் வெளக்கினது! எம்மா பளபளப்பு பாரு பாயம்மா!" என்றாள்.

எனக்குச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இனம் தவறினால் திருத்துவது என் பிழைப்பு. ஜைத்தூன் அம்மாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இரண்டையும் அந்தந்த இடத்தில் வைத்தவரே அவர்தான்.

"ஆமாண்டி, அதுதான். எடுத்துக்கினு போ சீக்கிரம்" என்றார்.

பொழுது சாயும் முன் ஹமீதா ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். சோழியை இறுக்கிப் பிடித்த தடம் அவள் உள்ளங்கையில் சிவந்திருந்தது. தனம் குழந்தையைத் துணியில் ஏந்திக்கொண்டு, பச்சைப்பிள்ளை இவ்வளவு சுத்தமாகப் பிறந்து தான் பார்த்ததில்லை என்றாள். அவள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

அடுத்த நாள் நான் கிளம்பும்போது, சிங்கவரத்திலிருந்து ஒரு மூட்டை மல்லாட்டை வந்திருந்தது. சுமக்க முடியாது என்றேன், அவிழ்த்துப் பாதியை என் பையில் கொட்டிவிட்டார்கள். ஜைத்தூன் அம்மா கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். "ஒங்க சோழி டீச்சரம்மா. பத்திரமா கொண்டுபோங்க."

கையில் வாங்கியதுமே தெரிந்தது. கல்லூரிச் சோழியைவிடச் சற்று கனம். "அம்மா, இது..."

"தெரியும்."

"நவாபு காலத்துச் சோழிம்மா. மாலத்தீவுலேர்ந்து வந்தது. யாருக்கும் தெரியாம மாத்தி வெச்சிரலாம். தனம்மா கவனிக்கவா போறாங்க?"

"கவனிப்பா. மறுபடி யாரு வூட்டுக்காச்சும் எடுத்துக் குடுக்க வருவா இல்ல? அவ வெளக்குன பொருள் அவளுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு அந்தப் பெரிய குரல் தழைந்தது. "ஒரு தடவ அவள தப்புன்னு சொல்லிட்டேன். அது சரியா தப்பான்னு பாக்க ஒங்கள இவ்ளோ தூரம் வரவெச்சேன். இன்னொரு தடவ என் வாயால ஆவாது. அவ கை எடுத்தது எதுவோ, அதுதான் எங்க வூட்டு சோழி."

இனம் காண்பதில் நான் படித்தது எதுவும் அதற்கு உதவாது. பொட்டலத்தைப் பைக்குள் மல்லாட்டைக்கு நடுவே வைத்துக்கொண்டேன். பஸ் ஏறியதும் கண்டக்டர், "கோட்ட பாத்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வந்ததே வீண் என்று அவர் முகம் சொன்னது.

அந்தச் சோழி இப்போது எங்கள் கல்லூரி அலமாரியில் இருக்கிறது. கீழே ஒட்டியிருக்கும் அட்டையில் இனம் புலிச்சோழி, கிடைத்த இடம் செஞ்சி என்று எழுதி வைத்திருக்கிறேன். துடைப்பவரிடம் உலர்ந்த துணி தவிர வேறெதுவும் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு கெட்டிக்காரப் பிள்ளை அட்டையைப் படித்துவிட்டு, "மிஸ், செஞ்சியில கடலே கிடையாதே?" என்று கேட்கும்.

"ஆமா" என்பேன். "அதனாலதான் அவ்வளவு பத்திரமா வெச்சிருந்தாங்க."